அது பழைய சோபா இல்லை, அண்ணா

அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்து வீடு ஒன்றில் எடுத்து நான் போட்ட படங்களுக்குக் கீழே அந்த அண்ணா எழுதியதைப் படித்திருப்பீர்கள். “நயாகரா வரைக்கும் போயிட்டு, அம்மாவைப் பழைய சோபா பார்க்கவா கூட்டிட்டுப் போனே?” அதற்கு விழுந்த சிரிப்புகளையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை.

அது வெறும் வீடு இல்லை. மேடிசன் தெரு, 17ஆம் எண். அந்த முன்னறையில்தான், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோனியைக் கைது செய்தார்கள். செய்த குற்றம், பெண்களுக்கு ஓட்டு இல்லாத அந்தக் காலத்தில், 1872 நவம்பர் 5 அன்று ஓட்டுப் போட்டது. பதின்மூன்று நாள் கழித்து அதிகாரி வீடு தேடி வந்துவிட்டார். வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுகிற அறை அது. அங்கே போய் நின்றால்தான் அது உறைக்கும்.

“எல்லாம் புத்தகத்திலேயே இருக்கே” என்பீர்கள். நயாகராவும்தான் புத்தகத்தில் இருக்கிறது.

“அவர் கறுப்பின மக்களுக்கு எதிராகப் பேசியவராச்சே” என்று இன்னொருவர். இதை நான் தள்ளமாட்டேன். கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்கான, அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தத்தை, பெண்களை விட்டுவிட்டார்கள் என்று எதிர்த்தார். அப்போது அவர் பேசிய சில பேச்சு இன்றைக்கும் வலிக்கிறது. சரி. ஆனால் மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டுப் படங்களைப் போட்டேனே, அடிமைகளை வைத்திருந்தவர் ஆயிற்றே என்று ஒருத்தரும் வரவில்லையே? அங்கே இருந்ததும் பழைய நாற்காலிகள்தானே?

அது வெறும் வீடு இல்லை, திரும்பவும் சொல்கிறேன். 1873 ஜூனில் வழக்கு நடந்தபோது அவரைச் சாட்சி சொல்லவே விடவில்லை. ஜூரிகளைக் கலந்துபேச விடாமல், குற்றவாளி என்று நீதிபதியே முடித்துவிட்டார். 100 டாலர் அபராதம். அதை அவர் கடைசிவரை கட்டவில்லை. 1906இல் இதே வீட்டில்தான் இறந்தார். பெண்களின் வாக்குரிமைக்கான திருத்தம் வந்தது 1920இல். பதினான்கு வருடம் பிந்திவிட்டது.

அம்மா அந்த முன்னறையை விட்டு நகரவே இல்லை. திரும்பி வரும்போது காரில் மெதுவாகச் சொன்னாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “உங்கப்பா சொன்ன சின்னத்துலதான் எப்பவும் குத்துவேன். ஒரே ஒரு தடவை மாத்திப் போட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. அந்த அறையில் நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா?

அந்தச் சிரிப்புகளை அம்மாவும் பார்த்தாள், அண்ணா. போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.