டயல்-அப் வேகம் குறையவில்லை, முதலில் தெரிந்த எண்தான் தவறு

"டயல்-அப்பில் (தொலைபேசிக் கம்பி வழி வந்த பழைய இணைய இணைப்பு) டவுன்லோடு நொடிக்கு 25 கிலோபைட்டில் தொடங்கி 5-க்கு இறங்கியதற்குக் காரணம், இணைய நிறுவனங்கள் வேண்டுமென்றே வேகத்தை வெட்டியதுதான்" என்று ஒரு தகவல் பரவுகிறது. அது தவறு.

1998-இல் வந்த வி.90 வகை மோடத்தின் (கணினியைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைக்கும் கருவி) உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால், அதாவது 7 கிலோபைட். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜிப் கோப்பு அந்தக் கம்பியில் 25-இல் வரவே முடியாது.

நடந்தது இதுதான். எங்கே சேமிப்பது என்று கேட்கும் பெட்டி திறந்திருக்கும்போதே பல பிரவுசர்கள் பின்னணியில் கோப்பை இறக்கத் தொடங்கிவிடும். ஃபோல்டரைத் தேட 20 நொடி ஆனால், நொடிக்கு 5 வீதம் 100 கிலோபைட் வந்திருக்கும். நேரக் கணக்கோ, சேமி என்று அழுத்திய பிறகுதான் தொடங்கும். ஐந்தாவது நொடியில் மொத்தம் 125. ஐந்தால் வகுத்தால் 25! ஒரு நிமிடத்தில் 400-ஐ 60-ஆல் வகுக்க, ஏறத்தாழ 6.7. கம்பியில் வந்ததோ முதலிலிருந்தே 5தான்.

தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் கூடினால் மோடம் தானே குறைந்த வேகத்துக்கு இறங்குவதும் உண்டு. அது உண்மையான குறைவு. ஆனால் அதையும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.