சால்வை போட்டால் நாய் டாக்டர் ஆகிவிடாது

ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் ‘தெரபி டாக்’ என்று நிறுத்திய நாய் பாய்ந்ததே, அந்த வீடியோவை இன்றும் நாலு பேர் இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். மூன்று முறை பார்த்தேன். போதும்.

எல்லோரும் கடைசி ஐந்து விநாடியைத்தான் பார்க்கிறீர்கள். லாப்ரடார் சீறிப் பாய்கிறது, மைக் விழுகிறது, பிள்ளைகள் சிதறி ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் ஓடுகிறதே, அதையும் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிறுத்தி, முதுகில் ‘தெரபி டாக்’ என்று எழுதிய சால்வையைப் போர்த்தியிருக்கிறார்கள். வரிசையில் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தலையில் தட்டிவிட்டுப் போகிறது. நாய் மூன்று முறை கொட்டாவி விடுகிறது. உதட்டை நக்குகிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறது. ‘என்னை விட்டுடுங்கப்பா’ என்று தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கமெண்டில் ஒருவர், ‘செல்லத்துக்குத் தூக்கம் வந்துடுச்சு போல’ என்று எழுதி ஹார்ட் விட்டிருக்கிறார்.

நாயைக் கூட்டிக்கொண்டு வந்தால் அது தெரபி ஆகாது. இதை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் இதுதான் குறிக்கோள் என்று எழுதி வைத்து, அதற்கு நாய் எப்படி உதவும் என்று யோசித்து, முடிந்ததும் என்ன நடந்தது என்று குறித்து வைப்பதுதான் தெரபி. பிசியோதெரபி அறையில் பந்து இருக்கிறது என்பதற்காக கோவை வ.உ.சி. மைதானத்தை கிளினிக் என்று சொல்லுவோமா?

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைப் பிள்ளைகள் தாங்களே செய்யப் பழக்குவது என் வேலை. என்னோடு வேலை செய்வது முத்து. நாட்டு நாய், ஏழு வயது. இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு என்னைவிட அவனைத்தான் தெரியும். ஒரு பிள்ளையோடு 25 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டே பிள்ளைகள். அமெரிக்காவில் பெட் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாயை வேலை வாங்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. அந்த ஆண்டுவிழாவில் மதியம் மூன்று மணியிலிருந்து இரவு வரை. நடுவில் தண்ணீராவது வைத்தார்களா தெரியாது.

ஒரு பையன் வருவான், ஆட்டிசம். பெல்ட், பை, செருப்பு, எந்த பக்கிளையும் தொட மாட்டான். பிளாஸ்டிக் போர்டில் பக்கிள் தைத்துக் கொடுத்தோம், வீசி எறிந்தான். அவன் அம்மா தினமும் காலையில் மாட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிவிட்டு, பையனுக்கு ஒன்பது வயது. முத்துவின் மார்பில் மாட்டும் பட்டையில், அதாவது ஹார்னஸில், இரண்டு பக்கிள் இருக்கிறது. அதை மாட்டினால்தான் முத்து வாசலுக்கு வருவான், மாட்டாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பான். இதுதான் மொத்த வித்தை. முதல் வாரம் பையன் என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான், ‘நீயே மாட்டு’ என்று. நான் மாட்டவில்லை. பதினோராவது வாரம் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த மாதம் ஸ்கூல் பையைத் தானே மாட்டினான். அந்தச் சத்தத்துக்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் வைரல் ஆகியிருக்காது, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

‘உனக்கு நாய்ப் பைத்தியம், அதான் இப்படிப் பேசற’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சார், எட்டு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவள் நான். பழைய ஊசி. இப்போது போல கையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஊசி இல்லை. பயம் என்றால் என்ன என்று எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். அதனால்தான் பயப்படுகிற பிள்ளையை முத்து இருக்கும் அறைக்குள்ளேயே விட மாட்டேன். ஒருமுறை தவறு செய்தேன். ஒரு சிறுமி பழகிவிடுவாள் என்று நினைத்தேன், பழகவில்லை, பாவாடையிலேயே சிறுநீர் போய்விட்டது. அன்றோடு அந்தக் குழந்தைக்கு நிறுத்திவிட்டேன். இன்னும் உறுத்துகிறது. எழுதத் தேவையில்லாமல் எழுதுகிறேன், யாராவது இதை ஸ்கிரீன்ஷாட் எடுப்பீர்கள். எடுங்கள்.

ரேபிஸ்? வருஷம் தவறாமல் ஊசி, குடற்புழு மருந்து, கால்நடை டாக்டர் சான்றிதழ். ஃபைல் பள்ளி அலுவலகத்திலேயே இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டே பள்ளிக்கூடத்தில் நாய் கூடாதென்று சொல்லிவிட்டது என்கிறீர்கள். 2025 நவம்பர் 7 உத்தரவு வளாகங்களில் திரியும் தெருநாய்களைப் பற்றியது. படித்துவிட்டு வாருங்கள். மத நம்பிக்கை காரணமாக வேண்டாம் என்கிற வீடுகள் உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குத்தானே ஒப்புதல் படிவம். அலர்ஜி என்றால் அதுவும் அதே படிவத்தில்தான்.

‘ஆராய்ச்சி இருக்கா?’ இருக்கிறது. நிறைய ஆய்வுகள் சிறியவை, இருபது முப்பது பேரை வைத்துச் செய்தவை, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை, கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைப்போம் என்கிற ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ வகுப்புக்குப் பிள்ளைக்காக ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்பதுதான் தாங்க முடியவில்லை.

‘வெளிநாட்டு ஃபேஷன்’ என்றும் ஒருவர். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு ‘டாக்டர் டாக்’ என்று நாய்களைப் பள்ளிகளுக்கு அழைத்துப்போனது உங்களுக்குத் தெரியாது என்பதற்காக அது நடக்கவில்லை என்று ஆகாது. ஆமாம், விலங்கு நல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் தொடங்கியதுதான் அது. உங்கள் கையில் இருக்கும் போன் பொள்ளாச்சியில் கண்டுபிடித்ததா?

இதை முதலில் எழுதி வைத்தவர் போரிஸ் லெவின்சன், நியூயார்க்கில் குழந்தைகள் மனநல நிபுணர். பேசாத பிள்ளை ஒன்றை அழைத்துக்கொண்டு பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட, அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்திருக்கிறது. பிள்ளை நாயிடம் போய்விட்டது. 1962இல் நாயை ‘கோ-தெரபிஸ்ட்’, அதாவது துணைத் தெரபிஸ்ட், என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அதற்குக் கொஞ்சம் முன்னால் மாநாட்டில் அவர் இதைப் பேசியபோது, ‘ஃபீஸில் நாய்க்கு எத்தனை பங்கு?’ என்று கேட்டுச் சிரித்தார்கள் என்று சொல்வார்கள். அறுபது வருஷம் கழித்து, கோயம்புத்தூரில், ஸ்டாஃப் ரூமில், வடை தின்றுகொண்டு அதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது.

முதல்முறை முத்துவைக் கூட்டிப்போனபோது இன்னொரு கேள்வியும் வந்தது: ‘ஏனுங்க மேடம், தெரு நாயா?’ கோல்டன் ரெட்ரீவர் என்றால் பரவாயில்லையாம், பிள்ளைகள் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். இப்போது பாய்ந்தது லாப்ரடார், நிறுத்தப்பட்டது முத்து. இது மட்டும் யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லையா?

ஆமாம், நிறுத்திவிட்டார்கள். வீடியோ நடந்தது வேறு பள்ளியில், வேறு நாய், வேறு ஆட்கள். நான் போகும் பள்ளியிலிருந்து செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்: ‘டியர் மேடம், தற்போதைய சூழ்நிலை காரணமாக டாக் ஆக்டிவிட்டி வேண்டாம்.’ ஆக்டிவிட்டி! ஆறு வருஷ ஃபைல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் குறிப்பு, அது ஆக்டிவிட்டி. போன் செய்யக் கூட இல்லை. போன ஆண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆட்கள் வந்தபோது மட்டும் ‘எங்க தெரபி புரோகிராம்’ என்று முத்துவை முதல் அறையில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு நானும் சம்மதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று முத்து எத்தனை கொட்டாவி விட்டான் என்று நான் எண்ணவில்லை.

நேற்று அந்தப் பையனின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். அழவில்லை, சண்டை போடவில்லை. ‘அந்த பெல்ட்ட மட்டும் குடுத்து உடுங்க மேடம், தலகாணிக்கு மாட்டிப் பழகட்டும், மறந்துருவான்’ என்றார்.

ஹார்னஸைக் கொடுத்துவிட்டேன். முத்துவுக்கு இப்போதைக்குப் பழைய கயிறுதான்.