மூலப் பத்திரத்தில் இருந்த கப்பல்காரர்

பூர்வீக நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது மூலப் பத்திரம் கைக்கு வந்தது. மடிப்பெல்லாம் இற்றுப்போன முத்திரைத்தாள். அந்தக் காலப் பத்திரங்களில் பெயர், தகப்பனார் பெயர், ஊரோடு ஜீவனத்தையும் எழுதுவார்கள். விற்றவருக்கு 'விவசாய ஜீவனம்' என்று இருக்கிறது. வாங்கிய என் கொள்ளுத்தாத்தாவுக்கு 'கப்பல் வேலை ஜீவனம்'.

நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகல் பக்கம் தலைமுறை தலைமுறையாக விவசாயம் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அப்பாவுக்கே இந்த விஷயம் தெரியாது. எண்பதைத் தாண்டிய பெரிய அத்தைதான், ரொம்ப வற்புறுத்திய பிறகு சொன்னார்: "ஆமாடா, பாய்க்கப்பல்ல பினாங்கு போய் வந்தவருதான். அதை யாரு வெளில சொல்லுவா? நெலம் வாங்குனதும் மிராசு வீடுன்னு பேராயிடுச்சுல்ல."

அத்தை சொன்ன காரணம்தான் எனக்கு ஆறவில்லை. கடலில் சம்பாதித்த காசில் வாங்கிய நிலம் கௌரவம். அந்தக் காசைக் கொண்டுவந்த வேலை மட்டும் மறைக்க வேண்டியதா?

நம் ஊர்ப்பக்கம் கடல் என்றதும் 1025, ராஜேந்திரன், கடாரம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களில் பாய் இழுத்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. சோழர் போனதோடு கடலும் வற்றிவிடவில்லை. டச்சுக்காரர்கள் 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததே அந்தத் துறைமுகத்துக்காகத்தான். மரைக்காயர்களின் கப்பல்கள் கிழக்கே போய்வந்துகொண்டே இருந்தன. 1828-ல் சிங்கப்பூரில் நாகூர் ஆண்டவர் பேரில் தர்கா கட்டத் தொடங்கினார்கள். நாகையிலிருந்து மலேயாவுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரஜூலா கப்பலைப் பற்றிப் பேசும்போதுகூட அதில் ஏறிப் போனவர்களைத்தான் சொல்கிறோம். ஆழமில்லாத கரையிலிருந்து, அலையில் படகு தள்ளி, தூரத்தில் நின்ற கப்பலுக்கு அவர்களைக் கொண்டுசேர்த்தவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

வயலும் கடலும் வேறு வேறு உலகம் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். ஸ்ரீவிஜய அரசர் நாகையில் கட்டிய சூடாமணி புத்த விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்தது எங்கள் பக்கத்து ஆனைமங்கலத்தின் வருவாயை. நெல் விளைந்தது இங்கே, விகாரம் கடல் தாண்டிய அரசருடையது. காற்றையும் பாருங்கள். கச்சான் என்கிற மேல்காற்றில் கிழக்கே போனால் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில்தான் திரும்ப முடியும். அப்படி வந்தால் கரை சேரும்போது தையை ஒட்டிவிடும், சம்பா அறுவடை நேரம். மேட்டூர் அணை வருமுன் பெரும்பாலும் ஒருபோகம்தான். கொள்ளுத்தாத்தா இரண்டு வேலையும் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாத்தா வைக்கோல் வண்டிக்குக் கயிறு கட்டுவது நினைவிருக்கிறது. பாரத்தின் மேல் குறுக்காக இரண்டு சுற்று, நுகத்தடிப் பக்கம் ஒரு மடிப்புச் சுருக்கு, முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஊர் வண்டிகள் மேடு பள்ளத்தில் சரியும், எங்கள் வண்டி அசையாது. இறக்கும்போது முனையை உருவினால் மொத்தமும் கழன்றுவிடும். "எங்கப்பா சொல்லிக் கொடுத்தது" என்பார். அவர் எங்கே கற்றார் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. கப்பல்காரக் கட்டுதான் அது என்று இப்போது அத்தை சொல்கிறார்.

நாகை, நாகூர், காரைக்கால், தரங்கம்பாடிப் பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் பழைய பத்திரங்களை எடுத்து அந்த ஜீவன வரியைப் படியுங்கள். பட்டா எண் மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். லஸ்கர் (மாலுமி), தண்டையல் (படகுத் தலைவர்), படகு வேலை என்று எது இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலம் வந்த வழியை எழுதும் இடத்தில் 'கப்பல் வேலை செய்து சுயமாகச் சம்பாதித்து வாங்கியது' என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எழுத்தர் தேவையில்லை என்றார். தேவை என்று சொல்லிவிட்டேன்.