ஹாட் சீட்டை உருவாக்கியவர்கள்

கேம் ஷோதானே, கேள்வி கேட்டுப் பணம் கொடுக்கிறார்கள், இதில் யாருக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நல்ல கேம் ஷோ என்பது நல்ல திரைக்கதைக்குச் சமமான படைப்பு. உருவாக்கியவருக்குப் பெயரும் கிடைக்க வேண்டும், பணமும் போய்ச் சேர வேண்டும்.

லண்டனில் செலடார் என்று ஒரு தயாரிப்பு நிறுவனம் இருந்தது. அங்கே டேவிட் பிரிக்ஸ், மைக் வைட்ஹில், ஸ்டீவன் நைட் என்ற மூன்று பேர் ஒரு வினாடி வினாவை யோசித்தார்கள். முதலில் வைத்த பெயர் 'கேஷ் மவுண்டன்'. அதுதான் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' ஆகி, 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் வந்தது. பரிசு 10 லட்சம் பவுண்டு. கலந்துகொள்ள விரும்பியவர்கள் கூடுதல் கட்டண எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். பரிசுப் பணத்துக்கு அந்த வருமானம் கைகொடுத்தது.

இதன் உள்கட்டமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். கேள்வியையும் நான்கு விடைகளையும் பார்த்த பிறகும், கையில் இருக்கும் பணத்தோடு விலகிக்கொள்ளலாம். இந்த ஒரு விதியில்தான் முழு நாடகமும் இருக்கிறது. விடை தெரியுமா என்பதோடு, தெரிந்ததை எவ்வளவு தூரம் நம்புகிறாய் என்பதும் சேர்ந்துகொள்கிறது. தொடங்கியபோது கடிகாரமும் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தவிக்கலாம். கேள்வி ஏற ஏற வெளிச்சம் குறையும். கீத் ஸ்ட்ராகன், மேத்யூ ஸ்ட்ராகன் என்ற அப்பாவும் மகனும் போட்ட பின்னணி இசை கிட்டத்தட்ட நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். போட்டியாளர் உட்காரும் 'ஹாட் சீட்' நாற்காலி, விளக்கு, இசை எல்லாம் எந்த நாட்டில் எடுத்தாலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று செலடார் கறாராக நின்றது. நான் அதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். தன் படைப்பு தெரிந்தவன் அப்படித்தான் நிற்பான்.

ஏனென்றால் இப்படி நிகழ்ச்சிகளை உருவாக்குபவர்களுக்குச் சட்டம் பெரிய துணையாக இல்லை. 'ஆப்பர்சூனிட்டி நாக்ஸ்' என்ற திறமைப் போட்டியை பிரிட்டனில் நடத்திய ஹியூயி கிரீன், அதே பெயரில், அதே வசனங்களோடு, கைதட்டலை அளக்கும் அதே கருவியோடு நியூசிலாந்தில் ஒளிபரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டார். அப்போது நியூசிலாந்து வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய், 1989-ல் தோற்றார். நிகழ்ச்சி வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இல்லை என்றார்கள். இன்றுவரை அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, முறையாக ஒப்பந்தம் போட்டால் பிரச்சினை இல்லையா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் 1999-ல் இந்த நிகழ்ச்சி ஏபிசி தொலைக்காட்சியைத் தூக்கி நிறுத்தியது. வாரத்துக்கு நான்கைந்து இரவுகள் ஓட்டினார்கள். லாபத்தில் பாதி செலடாருக்கு என்பது ஒப்பந்தம். ஆனால் நிகழ்ச்சி வெற்றிமேல் வெற்றி பெற்ற பிறகும் கணக்கில் லாபமே வரவில்லை. தயாரித்ததும் டிஸ்னி குழுமம், ஒளிபரப்பியதும் டிஸ்னி குழுமம். தங்களுக்குள்ளேயே விலையைக் குறைத்துப் பேசிக்கொண்டார்கள் என்பது செலடாரின் புகார். 2004-ல் வழக்குப் போட்டார்கள். 2010-ல் கலிபோர்னியா ஜூரி 26.92 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2012-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நிறுவனத்தை நடத்திய பால் ஸ்மித் இத்தனை வருடம் விடாமல் போராடியதை நான் மனதார மதிக்கிறேன். சின்னக் கம்பெனிகளில் எத்தனை பேருக்கு அந்த வசதியும் பொறுமையும் இருக்கும்?

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2006-ல், நிகழ்ச்சியின் உரிமையை ஒரு டச்சு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பிறகு அது சோனியிடம் போனது. (ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கார் வாங்கித் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தைத் தயாரித்ததிலும் செலடாரின் சினிமாப் பிரிவுக்குப் பங்கு உண்டு.)

நம் ஊரில் 2012-ல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', அப்புறம் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' எல்லாம் இதே வடிவம்தான். 2020 ஜனவரியில் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண் ஒருவர் 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி வென்றபோது எவ்வளவு பேர் கண்கலங்கினோம்! அந்த நிமிடத்தின் பெருமை முழுக்க அவருக்கு. ஆனால் அவர் உட்கார்ந்த அந்த மேடையை யோசித்த மூன்று பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியூர் வடிவத்தை எடுத்து நடத்தும் சேனல்கள், இதை உருவாக்கியவர்கள் இன்னார் என்று நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, படிக்கிற வேகத்தில் போட வேண்டும். உரிமம் வாங்காமல் மேடையை மட்டும் மாற்றி நடத்தும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். சொந்தமாக யோசிக்கும் நம் ஊர் இளைஞர்கள் ஐடியாவோடு வரும்போது, முதல் சந்திப்பிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.