'அகாய்' என்று பெயர் வைக்கும் முன்

கோலி, அனுஷ்கா தம்பதி 2024 பிப்ரவரியில் மகனின் பெயரை அறிவித்ததும், 'அகாய்' என்றால் ஒளிரும் நிலவு என்று பல தளங்கள் எழுதின, இந்தப் பெயரை 'இந்தியாவில் அதிகம் வைக்கப்படும் பெயர்' என்று சொல்லும் ஒரு கட்டுரையும் அதையே சொல்கிறது. அது துருக்கி மொழிப் பெயருக்குரிய பொருள்: அக் என்றால் வெண்மை, ஆய் என்றால் நிலவு. வடமொழியில் அகாய என்றால் காயம், அதாவது உடல், இல்லாதவர். ஈசாவாஸ்ய உபநிடதத்தின் 8ஆம் மந்திரம் பரம்பொருளை இப்படித்தான் குறிக்கிறது. அருமையான பொருள், தாராளமாக வைக்கலாம்.

சிக்கல் தமிழில் எழுதும்போதுதான். 'அகாய்' என்று எழுதினால் 'அகம்' போல ககரம் மெலிந்தே ஒலிக்கும். வல்லொலி வேண்டுமென்று 'அக்காய்' என்று எழுதினால் 'அந்தக் காய்' ஆகிவிடும். பள்ளியில் பிள்ளையைச் சும்மா விடமாட்டார்கள். மெலிந்த ஒலியே போதும் என்றால் மட்டும் வையுங்கள்.

பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அவசரம் வேண்டாம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்துக்கு முன் ஒரு 'ஏ'வா, இரண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பதிவான பெயரைப் பின்னால் மாற்றுவது பெரிய அலைச்சல்.

அந்தக் கட்டுரையின் 'இந்தியாவில் அதிகம் வைக்கப்படும் பெயர்' என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்கா போல ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியலை நம் அரசு வெளியிடுவதில்லை.