வட்டிக்காரி வேஷம் கட்டினவள் பேசறேன்

சனிக்கிழமை வேளச்சேரி டேபிள்ல டி அண்ட் டி (ஆளுக்கொரு கேரக்டரா வேஷம் கட்டிக் கதை நடத்தற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு) ஆடறப்போ என்ன நடந்ததுன்னு மறுபடி முதல்லேர்ந்து சொல்லப்போறதில்ல. சுருக்கமா: என் வட்டிக்காரி கடனுக்கு ஒரு உழவனோட எருதை ஓட்டிக்கிட்டு வந்தா, பலாடினா (தர்மம் காக்கற வீரனா) ஆடற தம்பி எழுந்து போய் என்னைப் பத்தி ஒரு பதிவு போட்டார். அந்தத் தம்பி போட்ட பதிவை எல்லாரும் படிச்சாச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கே ஏழு பேர் அனுப்பினீங்க, நன்றி. ஏழு பேர்ல ஒருத்தர்கூட அங்க போய் ஒரு வரி எழுதலங்கறதையும் பார்த்தேன்.

பேர் சொல்லாம எழுதினது பெருந்தன்மைதான். ஆனா "குள்ளர் இனத்து வட்டிக்காரியா ஆடற ஒரு அக்கா"ன்னு எழுதிட்டு பேரை மறைச்சா என்ன, மறைக்கலன்னா என்ன? டி அண்ட் டி ஆடற நம்ம கூட்டத்துல அப்படி எத்தனை அக்கா இருக்காங்க?

என் பிரச்சினை அந்தப் பதிவுல ஒரே ஒரு வரிதான். "உள்ளுக்குள்ள இல்லாம இவ்வளவு தத்ரூபமா வராது." அதுக்கு நாப்பத்திமூணு லைக்.

கேரக்டர் ஷீட்ல லாஃபுல் ஈவில்னு (விதியை மீறாத கெட்டவன்னு) எழுதியிருக்கறது என் வட்டிக்காரியோட குணம். என்னோடது இல்ல. அவ கெட்டவ. நான் சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவுல சுண்டல் எடுத்துக்கிட்டு வர்றவ. நம்பியார் சாமி உதாரணத்தை நான் எடுக்கப்போறதில்ல, அதை நீங்களே கமெண்ட்ல போட்டுடுவீங்க.

இந்த விளையாட்டுல கெட்ட கேரக்டர் ஏதோ நேத்து முளைச்ச விஷயம்னு நினைக்கறவங்களுக்காக: 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தப்போ கேரக்டரோட குணத்துக்கு ஒழுங்கு, நடுநிலை, குழப்பம்னு மூணே பக்கம். 1978ல வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ங்கற விதிப் புத்தகத்துல நல்லது, கெட்டதும் சேர்ந்து அது ஒன்பது கட்டமாச்சு. அதுல மூணு கட்டம் ஈவில். இந்த விளையாட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் தன் சொந்த டேபிள்லயே ராப் குன்ட்ஸ் ஆடின ரோபிலார்ங்கற கெட்டவனுக்கு இடம் கொடுத்தவர். அந்த ரோபிலார், ஓர்க்ங்கற அரக்க இனத்து அடியாட்களை முன்னால அனுப்பிப் பொறியில சாகவிட்டு, 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கல்லறையோட கடைசி வரைக்கும் போனவன். அதுக்காக குன்ட்ஸுக்கு யாரும் நன்னடத்தை சர்டிபிகேட் கேக்கல.

அப்புறம் எண்பதுகள்ல அமெரிக்காவுல பெற்றோர் நடுவுல ஒரு பீதி கிளம்பிச்சு. இதை ஆடற பிள்ளைங்க சாத்தானைக் கும்பிடுதுங்க, உயிரை விட்டுடுதுங்கன்னு. 1983ல இதை எதிர்க்கறதுக்குன்னே ஒரு அமைப்பு, 1985ல '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில ஒரு பகுதி. பயந்துபோன கம்பெனி 1989ல இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தப்போ அசாசின்ங்கற (கூலிக்கொலைகாரன்) கேரக்டர் வகையைத் தூக்கிட்டாங்க. டீமன், டெவில்ங்கற வார்த்தைகளைக்கூடத் தூக்கிட்டு, பின்னால வாயில நுழையாத புதுப்பேர் வச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு அந்தப் பெற்றோர் சொன்னதும் இதேதான்: உள்ளுக்குள்ள இல்லாம வராது. அவங்களாவது இந்த விளையாட்டை ஆடிப் பார்க்காதவங்க. நம்ம தம்பி மூணு வருஷமா ஆடறார்.

சரி, உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடறேன்.

நான் ஒன்பதாவது படிக்கறப்போ எங்கப்பாவோட மளிகைக்கடை படுத்துடுச்சு. தினவட்டிக்குக் கொடுக்கறவர் ஒருத்தர் வீட்டுக்கு வருவார். கத்த மாட்டார். திண்ணையில உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிப்பார். "பாப்பா, கணக்குல எவ்வளவு?"ம்பார். நான் எம்பத்தெட்டுன்னா, "இன்னும் பன்னெண்டு எங்க போச்சு?"ன்னு சிரிப்பார். ஒருநாள் மூணுசக்கர வண்டியோட வந்து எங்கம்மாவோட தையல் மெஷினை எடுத்துக்கிட்டுப் போனார். ஏத்தறதுக்கு முன்னாடி தன் துண்டாலேயே அதைத் துடைச்சார். டிராயரைத் திறந்து ஊசிப்பெட்டியை எடுத்து அம்மா கையில கொடுத்து, "இது உங்களோடதும்மா, வச்சுக்கங்க"ன்னார்.

சனிக்கிழமை என் வட்டிக்காரி அந்த உழவனோட எருதை ஓட்டிக்கிட்டு வர்றப்போ அதோட கழுத்து மணியை அவிழ்த்து அவன் கையில கொடுத்தா இல்லையா? "மணி உங்களோடது, வச்சுக்கங்க"ன்னு சொன்னா இல்லையா? அங்கதான் டேபிள் அமைதியாச்சு. அங்கதான் தம்பி நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து போனார்.

தத்ரூபமா வந்துச்சாம். வரத்தானே செய்யும்.

"ஏன்க்கா, விளையாட்டுலயாவது நல்லவங்களா இருக்கக் கூடாதா?"ன்னு ஒரு தங்கச்சி இன்பாக்ஸ்ல கேட்டா. இருக்கேன்மா. வாரத்துல ஆறு நாள் ஆபீஸ்லயும் மாமியார் வீட்டுலயும் நல்லவளாத்தான் இருக்கேன். ஏழாவது நாள் மூணு மணிநேரம் அந்தத் திண்ணையில அவர் இடத்துல உட்கார்ந்து பார்க்கறேன். உள்ள என்ன ஓடியிருக்கும்னு பார்க்கறேன். பெரிசா ஒண்ணும் ஓடலங்கறதுதான் பயமா இருக்கு.

கெட்ட கேரக்டர்னு சொல்லிக்கிட்டு டேபிளையே நாசம் பண்றவங்க இருக்காங்கதான். தூங்கற கூட்டாளியோட பையில திருடிட்டு "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்"னு பல்லைக் காட்டறவங்க. பார்த்திருக்கேன். அவங்களோட என்னைச் சேர்க்காதீங்க. ஒண்ணரை வருஷமா தொடர்ந்து ஆடற இந்தக் கதையில (கேம்பெயின்ல) என் வட்டிக்காரி கூட வர்ற பார்ட்டிக்காரங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு செப்புக்காசு எடுத்ததில்ல. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறாதவ அவ. லாஃபுல்னா அதுதான் அர்த்தம்.

"ஒருத்தர் மனசு நொந்திருந்தா?" ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உட்கார்ந்து பேசற செஷன் ஜீரோவுலயே பேசினோம். கடன், ஜப்தி எல்லாம் வரும்னு நான்தான் வாயைத் திறந்து சொன்னேன். எக்ஸ் கார்டு (தாங்கலன்னா தொட்டுக் காட்சியை நிறுத்தற அட்டை) டேபிள் நடுவுல சுண்டல் டப்பா பக்கத்துல இருந்தது. யாரும் தொடல. அவ்வளவுதான் இதுக்குப் பதில்.

தம்பி முகம் மாறினதைப் பார்த்தேன்தான். பார்த்தும் மணியைக் கொடுத்தேன். சரி.

பழைய விதிப்படி பலாடின் கெட்டவங்களோட சேரவே கூடாதுன்னு ஒரு பெரியவர் தம்பியோட பதிவுல வந்து பாயின்ட் எடுத்துக் கொடுத்திருக்கார். உண்மைதான் ஐயா, அது 1978 விதி. நாங்க ஆடறது 2014 பதிப்பு. அந்தப் புத்தகத்துலயே இன்னொண்ணும் இருக்கு, பாருங்க: ஒரு எருது 15 பொன். பிளேட் கவசம் 1,500 பொன். உழவன் என்கிட்ட வாங்கின கடன் 5. நூறு எருது விலைக்குக் கவசம் மாட்டிக்கிட்டு நின்ன பலாடின், இடுப்புப் பையிலேர்ந்து அஞ்சு பொன்னை எடுத்துப் போட்டிருந்தா கதை அங்கேயே வேற பக்கம் திரும்பியிருக்கும். அதுக்காகத்தான் தொகையை அஞ்சா வச்சேன். கதையை நடத்தற டிஎம்கிட்ட முன்கூட்டியே சொல்லியும் வச்சிருந்தேன், கேட்டுப் பாருங்க. உழவன் அழுதான், பலாடின் வசனம் பேசினார், பைக்குள்ள கை போகல.

நல்லவங்களா ஆடறவங்களைப் பத்தி நானும் எழுதலாம்தான். நாப்பது நிமிஷம் லேட்டா வர்றவர் யாரு? புதுசா வந்த பொண்ணு தன் முறையில மந்திரத்தைத் தேடிக்கிட்டிருந்தப்போ "ஃபயர்போல்ட் போடு, யோசிக்காதே"ன்னு அவளுக்குப் பதிலா ஆடினவர் யாரு? ஷீட்ல லாஃபுல் குட்னு இருந்துச்சு. எழுதல, நானும் பெருந்தன்மையானவதான்.

அந்தத் தம்பி முதல்முதலா வந்தப்போ அவர்கிட்ட தாயக்கட்டைகூடக் கிடையாது. என் நீலக்கலர் டி20ஐ (இருபது முகக் கட்டையை) கொடுத்தேன். ஷீட்டை எப்படி நிரப்பறதுன்னு பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பலாடின் எடுத்துக்கப்பான்னு சொன்னதே நான்தான். அந்தக் கட்டை இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. வேணாம், வச்சுக்கட்டும்.

வர்ற சனிக்கிழமை வரமாட்டேன். அவசரத்துல என் டைஸ் பையை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன், யாராவது எடுத்து வையுங்க. எருது விஷயத்தை டிஎம் கேட்டிருந்தார்: என் தொழுவத்துலதான் நிக்குது. உழவன் அஞ்சு பொன்னும் வட்டியும் கட்டினா ஓட்டிக்கிட்டுப் போகலாம்.