ஆமையும் அமீனாவும்

(சென்னை பெசன்ட் நகர் கடற்கரை. மாசி மாதத்து ராத்திரி, கூட்டம் கலையும் நேரம். பஜ்ஜிக்கடை அக்காவின் தலைக்கு மேல் உயர்கோபுர விளக்கு பட்டென்று அணைகிறது. கம்பத்தடியிலிருந்து மாநகராட்சி மின்பிரிவுத் தம்பி வருகிறார்.)

அக்கா: யாருப்பா அது? எண்ணெய் காயற நேரத்துல! கைய உள்ள வுட்டுருந்தா என் வெரலயும் சேத்து வித்துருப்பேன்.

தம்பி: நான்தாங்க்கா. ஆமை சீசன். பீச் லைட்ட ராத்திரில அணைக்கணும்னு ஆர்டர்.

அக்கா: பங்குனி ஆமைன்னுதான பேரு? மாசிலயே வந்துச்சா? சரி, விருந்தாளி வந்தா லைட்டு போடுவாங்களா, அணைப்பாங்களா?

தம்பி: இது கூச்ச சுபாவம்க்கா. வெளிச்சத்தப் பாத்தா தாய் ஆமை கரையேறவே யோசிக்கும். ஏறுனா ஒரு குழில நூறு முட்டைக்கு மேல போட்டு மூடிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம கடலுக்குப் போயிரும்.

அக்கா: திரும்பிக்கூடப் பாக்காதா? குடுத்து வெச்ச மகராசி.

தம்பி: பாவம் குஞ்சுங்கதான். மண்ண முட்டிக்கினு வெளிய வந்ததும், எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும்.

அக்கா: கடலு கும்மிருட்டா கீதே?

தம்பி: ஊர்ல கரண்டு இல்லாத காலத்துல நிலாவும் நட்சத்திரமும் பட்டுக் கடல்தான் பளபளக்கும். கரைதான் இருட்டு. அந்தக் கணக்குலயே கோடி கோடி வருஷம் ஓட்டிடுச்சு. நாம கம்பம் நட்டோம், அது ரோட்டப் பாக்க வருது. நாய், காக்கா, கார் டயர்னு எல்லாம் காத்துனு கீது. 1988-லருந்து மாணவர் பசங்க நீலாங்கரைலேந்து ராத்திரில நடந்தே வந்து முட்டைய எடுத்து வேலிக்குள்ள புதைக்கறாங்க.

அக்கா: தெரியுமே. நான் அடுப்ப அணைச்சப்புறம் வந்து பஜ்ஜி கேக்கற பசங்க.

தம்பி: இப்ப கம்பத்த அணைச்சாச்சா, மிச்சமிருக்கற ஒரே சூரியன் உன் சார்ஜ் லைட்டுதான். குஞ்சுங்க நேரா உன் கடைக்குத்தான் வரும்.

அக்கா: ஐயய்யோ! ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதும்பாங்க. அமீனா நீ வந்துட்ட, ஆமையுமா?

தம்பி: பாரு, பாதி வெளிச்சம் மேல போவுது. வானத்துக்கா பஜ்ஜி விக்கிற? காலி எண்ணெய் டின்ன வெட்டி லைட்டு மேல கவுத்து. சட்டில மட்டும் வுழும். வெள்ளைக்குப் பதிலா மஞ்சள் பல்பு போடு, அதுல குஞ்சுங்க அவ்ளோ மயங்காது.

அக்கா: எனக்கு டின்னு சொல்றியே, உன் கம்பத்துக்கு ஒரு அண்டாவ கவுத்தா இன்னா? சீசன் முடிஞ்சா நீயும் வானத்துக்குத்தான காட்டப் போற?

தம்பி: அதெல்லாம் மேல இருக்கறவங்க விஷயம்க்கா.

அக்கா: அதான் வெளிச்சமும் மேலயே போவுது. (லைட்டை அணைத்துவிட்டு டின்னை வெட்டுகிறார்.) நிக்கிற நேரத்துல ஒரு வாழக்கா பஜ்ஜி எடுத்துக்க. வலது பக்கத் தட்டு.

தம்பி: (கடித்து) ஆ... ஹா... தண்ணி! அக்கா, இது மொளகா பஜ்ஜி!

அக்கா: எனக்கு எப்டிப்பா தெரியும்? ஆர்டரு போட்டு அணைச்சது நீதான.